சாயலெழுத்து

'அவரு அக்சென்ட்டக் கேட்டாலே கீழக்கரைனு தெரிஞ்சிரும்' என்று இராமநாதபுரம் பேருந்தில் ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே புரியும். சரி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். உச்சரிப்பு, தொனி, வட்டார வழக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மூன்றுமே சற்று விலகித்தான் நிற்கின்றன.

'அக்சென்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. மூலச்சொல்லைப் பிரித்தால் 'உடன் சேர்ந்த பாட்டு' என்று பொருள். 'ப்ரொசோடியா' என்ற கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்து இலத்தீன்காரர்கள் ஆக்கிக்கொண்டது அது. சொற்களோடு சேர்ந்து ஒரு பாட்டும் வருகிறது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். 'என்ன ராகம் போட்டுப் பேசுறே?' என்று நம் ஊரில் கேட்பதும் அதே காதுதான். அந்தப் பாட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டக் கிரேக்கர்கள் எழுத்தின் தலையில் கோடு போட்டார்கள். அப்புறம் அந்தக் கோட்டுக்கும் அதே பெயர் வந்தது. பிரெஞ்சு எழுத்துகளின் மேல் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ஆக, ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள் இருக்கின்றன. அசையை ஓங்கிச் சொல்வது ஒன்று. அதற்கு 'அழுத்தம்' போதும். நன்னூல் 'எடுத்தல், படுத்தல், நலிதல்' (உயர்த்திச் சொல்வது, தாழ்த்திச் சொல்வது, இடைப்படச் சொல்வது) என்று இன்னும் நுட்பமாகவே பிரிக்கிறது. எழுத்தின் மேல் இடும் அடையாளத்துக்கு 'ஒலிக்குறி' என்று சொல்லலாம். மூன்றாவது, பேசுபவரின் ஊரைக் காட்டிக்கொடுக்கும் பேச்சு முறை. இதற்கு நான் எழுதுவது 'பேச்சுச்சாயல்'. முகச்சாயலைப் பார்த்து 'நீ இன்னார் மகன்தானே?' என்று கேட்கிறோம். பேச்சிலும் அப்படி ஒரு சாயல் உண்டு.

வட்டார வழக்கு என்றால் அது வேறு. கீழக்கரையில் அக்காவை 'லாத்தா' என்பதும், மேற்குக் காற்றைக் கடலோரத்தில் 'கச்சான்' என்பதும் வழக்கு. அவை சொற்கள், அகராதியில் ஏற்றிவிடலாம். அந்த 'லாத்தா'வை எவ்வளவு இழுக்கிறார், எங்கே குரலை ஏற்றுகிறார் என்பது அகராதியில் அடங்காது. சாயல் அங்கேதான் இருக்கிறது.

அதை எழுத்தின் வடிவத்தால் காட்ட முயல்வதைத்தான் 'சாயலெழுத்து' என்கிறேன். ஓங்கிய அசையைத் தடிமனாக்குவது, இழுத்த அசையை அகலமாக்குவது, ஏறிய குரலுக்கு எழுத்தை வரியிலிருந்து சற்று உயர்த்துவது என்று போகும் வேலை இது. 2016இல் வந்த மாறும் எழுத்துருக்களில் தடிமனையும் அகலத்தையும் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்க முடிவதால் வேலை எளிதாகியிருக்கிறது.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. 'காசு', 'நாடு' போன்ற சொற்களின் கடைசியில் உகரம் பாதியாக ஒலிக்கிறதல்லவா, அதற்கும் ஒரு புள்ளி உண்டு என்றது தொல்காப்பியம். குறுகிய மகரத்துக்கு 'உட்பெறு புள்ளி உருவாகும்மே' என்று உள்ளேயே ஒரு புள்ளி வைத்தது. ஓசையை நீட்ட அளபெடை இருந்தது. கைபேசியில் 'வாஆஆ' என்று தட்டும் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். கீழக்கரையில் இன்னொரு வழியும் இருந்தது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டி எழுதிய அரபுத்தமிழ் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நூல்கள் எழுதியிருக்கிறார். தன் ஊர் ஒலி தாளில் தொலைந்துவிடக் கூடாது என்ற அக்கறை எனக்கு அதில் தெரிகிறது.

அந்த அக்கறை கதைகளில் நம் கரையோர மக்களைப் பேசவைக்கும்போதும் வேண்டும். பாம்பனில் மீன் விற்கும் அம்மா 'வாளப்பளம்' என்று சொல்வதாக அச்சிட்டால், படிப்பவர் கண்ணுக்கு அது எழுத்துப்பிழையாகத்தான் படும். படிக்காதவர் என்ற முத்திரையும் அவர்மேல் விழுந்துவிடும். ஆனால் ழகரத்தை ளகரமாக ஒலிப்பது தென்மாவட்டங்களில் படித்தவர் பேச்சிலும் உண்டு. 'வாழைப்பழம்' என்றே எழுதி, அவர் ஒலிக்கும் ழகரத்தை மட்டும் வேறு வடிவில் அமைத்தால் சாயலும் கிடைக்கும், அவர் மரியாதையும் கெடாது. 'எங்கிட்டுப் போறீக?' என்பதில் 'றீ'யை மட்டும் அகலமாக்கிப் பாருங்கள், குரல் கேட்கும்.

இலத்தீன் எழுத்துக்குச் செய்வதை அப்படியே தமிழுக்குச் செய்ய முடியாது. எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் 'கொ'வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகிப்போகலாம். மிகவும் தடித்தால் 'ண', 'ஞ' இவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வரியை விட்டு உயர்த்தினால் மேல்வரியில் 'ழு'வின் வால் வந்து இடிக்கும். அதனால் தமிழில் அகலம்தான் முதல் கருவியாக இருக்க முடியும். ஓலையில் எழுதிய காலத்திலேயே கொம்பும் காலும் பக்கவாட்டில் சேர்ந்துதான் நம் எழுத்து நீண்டிருக்கிறது.