நன்கொடை வாங்கித் தருவது வாக்கையா, நேரத்தையா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி, பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு எழுதும் மனு, ஊட்டியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு எண்ணைப் பெற்றுக்கொண்டு காத்திருக்கும். தேயிலை இறக்குமதி வரியை முடிவுசெய்யும் இடமோ டெல்லி. அத்தகைய இடங்களில் யார் பேச்சு முதலில் காதில் விழும் என்பதில் பணத்துக்கு உள்ள பங்கை அரசியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள்.

நன்கொடை கொடுத்தால் நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மாறும் என்ற கணக்கு அவ்வளவு எளிதில் நிரூபணமாகவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய சுமார் 40 ஆய்வுகளை 2003-இல் தொகுத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பங்கு முடிவுகளில் நன்கொடையின் தாக்கம் புள்ளியியல்படி புலப்படவில்லை, அல்லது எதிர்த்திசையில் இருந்தது. ஏற்கெனவே தம் பக்கம் இருப்பவருக்கே நன்கொடையாளர்கள் கொடுப்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதும் கடினம்.

இந்தச் சிக்கலை ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மேன் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட கள ஆய்வு மிக நேர்த்தியாக அவிழ்த்தது. ஓர் அமைப்பு, ஒரு மசோதாவுக்கு ஆதரவு கேட்டு, 191 உறுப்பினர்களின் அலுவலகங்களிடம் சந்திப்புக்கு நேரம் கேட்டது. வரப்போகிறவர்கள் எல்லோருமே நன்கொடை கொடுத்தவர்கள்தாம். ஆனால் சில அலுவலகங்களுக்கு அவர்கள் 'தொகுதிவாசிகள்' என்றும், சிலவற்றுக்கு 'நன்கொடையாளர்கள்' என்றும் குலுக்கல் முறையில் சொல்லப்பட்டது. மாறியது அந்த ஒரு சொல் மட்டுமே. நன்கொடையாளர் என்று அறிந்த அலுவலகங்களில், உறுப்பினரோ மூத்த அதிகாரியோ நேரில் சந்தித்தது மூன்று முதல் நான்கு மடங்கு அதிகம்.

கதவு திறந்தபின் நடப்பதை ரிச்சர்ட் ஹாலும் ஆலன் டியர்டார்ஃபும் 2006-இல் விளக்கினர். நூறு விஷயங்களுக்கு நடுவே, குறைந்த பணியாளர்களோடு திணறும் உறுப்பினருக்கு, லாபி செய்பவர், அதாவது ஒரு தரப்புக்காகச் சட்டமியற்றுபவர்களிடம் பரிந்து பேசுபவர், புள்ளிவிவரமும் திருத்த வரைவும் கேட்கவேண்டிய கேள்விகளும் ஆயத்தமாகக் கொண்டுவருகிறார். இதனால், ஏற்கெனவே ஒத்த கருத்துடைய உறுப்பினரின் உழைப்பு அந்தக் கோரிக்கையின் பக்கம் பெருகுகிறது. அப்படி எடுத்துக் கொடுக்க ஆளில்லாத கோரிக்கையை யாரும் எதிர்ப்பதுகூட இல்லை. அது விவாதத்துக்கே வருவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் கவலை தருகிறது.

நம் நாட்டில் பாதை சற்று வேறு. 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் உறுப்பினர் கட்சிக் கொறடாவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே பெரும்பணம் தனி உறுப்பினரைவிடக் கட்சித் தலைமையை நோக்கியே போகிறது. நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை மட்டுமே கொடுக்கலாம் என்ற வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல், வங்கியில் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரங்களும் வந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று அந்த வரம்பு நீக்கத்தையும் பத்திரங்களையும் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நன்கொடை சட்டமியற்றுபவர்களை எளிதில் அணுக வழிசெய்கிறது, அந்த அணுக்கம் கொள்கை மீதான செல்வாக்காக மாறுகிறது என்பதையும் ஒரு காரணமாகக் கூறியது.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாபி செய்பவர் யாருக்காக, எந்த விஷயம் குறித்துப் பேசினார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லாததால், தேயிலை வரி மாறும் ஆண்டில், அதற்கு முன் அமைச்சகத்தில் யார் யார் பேசினார்கள் என்று பார்க்கக் கோத்தகிரி விவசாயிக்குப் பதிவேடு எதுவும் இல்லை.