வாசித்த வாக்கியங்கள் எங்கே போகின்றன?

சிறுவயதில் நூறு கதைப்புத்தகம் படித்த ஒருவரிடம் இன்று கேட்டால், ஐந்தாறு கதைகளைத்தான் முழுதாகச் சொல்வார். மற்றதெல்லாம் மறந்துபோயிருக்கும். ஆனாலும் அவர் எழுத உட்காரும்போது அந்த நூறும் வேலை செய்கின்றன. எப்படி?

முதலில் சொற்கள். புதுச் சொல்லுக்காகப் பிள்ளைகள் அகராதி புரட்டுவது அபூர்வம். முன்னும் பின்னும் உள்ளதை வைத்து ஊகித்துக்கொண்டு கதையோடு ஓடிவிடுவார்கள். அப்படி ஒருமுறை எதிர்ப்பட்ட சொல்லின் பொருள் மனதில் தங்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று அளவுதான் என்று நேகி, ஆண்டர்சன், ஹெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் கணக்கிட்டார்கள். ஆகவே ஒரே சொல் வேறு வேறு கதைகளில் திரும்பத் திரும்ப வரவேண்டும். பேச்சு மட்டும் இதற்குப் போதாது. ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் இருவரும் 1988-இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தபோது, பட்டதாரிகளின் உரையாடலில் ஆயிரம் சொல்லுக்கு 17 அரிய சொற்கள் வந்தன. சிறுவர் நூல்களில் ஏறத்தாழ 31.

சொல்லைவிட எனக்கு வியப்பளிப்பது வாக்கியம். சற்றுமுன் கையாண்ட வாக்கியத்தின் அமைப்பையே, நம்மை அறியாமல், அடுத்து வேறொன்றைச் சொல்லும்போதும் எடுத்துக்கொள்கிறோம். உளவியலாளர் கேத்ரின் பாக் 1986-இல் இதைச் சோதனையில் காட்டினார். செயப்பாட்டு வினையில் ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்து, பிறகு தொடர்பே இல்லாத ஒரு படத்தைக் காட்டினால், அதையும் செயப்பாட்டு வினையிலேயே விவரிக்கும் போக்கு கூடியது. சொற்கள் போய்விடுகின்றன, அச்சு தங்கிவிடுகிறது. அப்படியென்றால் ஆயிரமாயிரம் வாக்கியங்களை வாசித்த பிள்ளையிடம் எத்தனை அச்சுகள் சேர்ந்திருக்கும்!

தமிழில் இது இன்னும் ஆழமான விஷயம். வீட்டில் 'வந்துட்டிருக்காங்க' என்று கேட்டு வளரும் பிள்ளை, 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதைச் சாப்பாட்டு நேரத்திலோ தெருவிளையாட்டிலோ கேட்கப்போவதில்லை. எழுத்துத் தமிழ் யாருக்கும் தாய்மடியில் கிடைப்பதில்லை. மேடைப்பேச்சிலும் செய்தியிலும் கொஞ்சம் காதில் விழும், பாடநூல் கொஞ்சம் தரும். அதன் ஓட்டம் கைக்கு வசப்பட, பிள்ளை தானாக விரும்பி ஏராளமாகப் படித்தாக வேண்டும். பேச்சுநடையை எந்த இடத்தில் உள்ளே விடலாம் என்ற நுட்பம்கூட எழுத்துநடையில் ஊறியவருக்கே பிடிபடும்.

சரி, அவ்வளவு புத்தகத்துக்கு எங்கே போவது? இங்கேதான் நூலகம் வருகிறது, அதிலும் நாமே கைநீட்டி எடுக்கக்கூடிய திறந்த அலமாரி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அதன்பொருட்டே திறந்த அலமாரியை அவர் வற்புறுத்தினார். தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில் தேடாத நூல் கண்ணில் படவேண்டும். பத்துப் பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், காசு வீணாகாது. அவரவர் ரசனை அங்கேதான் உருவாகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1938-இல் பள்ளிப்படிப்பை முடித்தார். கல்லூரிக்குப் பணமில்லை, அடுத்த பத்தாண்டுகள் நூலகத்துக்குப் போய்ப் படித்தார். புத்தகங்களை எரிக்கும் ஒரு சமூகத்தைப் பற்றிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் முதல் வடிவத்தை, லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரைமணிக்குப் பத்து சென்ட் வாடகைக்குக் கிடைத்த தட்டச்சுப்பொறியில் அடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். இடையிடையே மாடிக்கு ஓடி, அலமாரியில் கைக்கு வந்த நூலைப் பிரித்து மேற்கோள் எடுத்துக்கொண்டு, மறுபடி கீழே வந்து கதையைத் தொடர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.