ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்து, தண்டையார்பேட்டையில் மண்டபம் பிடித்து, மேடையில் எல்.இ.டி. திரை வரை வைத்தாலும், பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வருவதற்கு முன் யாராவது ஒரு அத்தை கேட்டுவிடுவார்: "ஆரத்தி கரைச்சாச்சா?"

தாம்பாளத் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்தால் மஞ்சளாகத்தான் இருக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு அதில் கலக்கிப் பாருங்கள். விரல் போகிற தடத்திலேயே செக்கச்செவேல் என்று நிறம் விரியும். சிவப்புச் சாயம் எதுவும் சேர்க்கவில்லையே!

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். நீளமான கார்பன் சங்கிலி, இரு முனையிலும் ஒரு வளையம், இதுதான் அதன் மூலக்கூறு. அதில் பரவியிருக்கும் எலக்ட்ரான்கள் ஊதா, நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, வலுவான காரம். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதன் தெளிநீரில் 12-ஐத் தாண்டும். இந்தக் காரம் குர்குமினிடமிருந்து ஹைட்ரஜன் அயனிகளைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்புறம் எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவி, ஆற்றல் குறைந்த பச்சை ஒளியையும் விழுங்குகின்றன. நீலமும் பச்சையும் போனால் மிஞ்சுவது சிவப்புதான். அதிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்தால் அமிலம் காரத்தை முறிக்கும், மஞ்சள் திரும்பிவிடும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற அதே வேலை.

இதனால் கிருமி சாகும், கதிர்வீச்சு நிற்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் ஏற்பதில்லை. திருஷ்டி கழிப்பது வந்தவர் மேல் இருக்கும் பாசம்; அதற்குப் பொய்யான அறிவியல் முத்திரை எதற்கு? நிறம் மாறுவது உண்மையான வேதியியல், அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

ஆனால் ஆரத்தியை ரொம்ப முன்னாலேயே கரைத்து வைக்க வேண்டாம். காரத்தில் குர்குமின் நிலைக்காது; கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து நிறம் மங்கும்.

சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பதற்கும் இதே காரணம்தான். சோப்பும் காரம். துணி கெட்டுவிட்டதே என்று பதற வேண்டாம். நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெளிச்சம் பட்டாலும் குர்குமின் சிதையும், கறை வெளுத்துவிடும்.