கிரெய்ன்: தானியமும் இல்லை, குன்றிமணியும் இல்லை

"168 தானியத் தோட்டா", "கூட்டில் 45 தானியங்கள் தூளை நிரப்பவும்." தோட்டாவுக்கும் வெடிமருந்துக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் 'கிரெய்ன்' (grain) என்ற எடை அலகைத் தானியம் என்று மொழிபெயர்த்ததன் விளைவு இது; கூடு என்பது தோட்டாவின் உலோக உறை. சப்டைட்டிலிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. சொந்தமாகத் தோட்டா நிரப்புவது அமெரிக்காவில் பரவலான பழக்கம். அங்கே போய்க் குடியேறி வேட்டை, இலக்குச் சுடுதல் என்று இறங்கும் தமிழரும் இப்போது இதைப் பற்றிப் படிக்கிறார்கள். அவர்கள் கையில் இப்படியொரு தமிழைக் கொடுக்கக் கூடாது.

சொல்லின் கதை சின்னதுதான். விதை என்று பொருள்படும் இலத்தீனின் 'கிரானும்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு வாற்கோதுமை மணியின் எடையை அளவாக வைத்தார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில சேர்ந்து பவுண்டின் எடையை வரையறுத்த பிறகு ஒரு கிரெய்ன் என்பது 64.79891 மில்லிகிராம். ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம் என்ற விசித்திரமான எண்ணில் வருவதும் பழைய 5 கிரெய்ன் கணக்கால்தான்.

தோட்டா நிரப்பும் மேசையில் இந்த ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் பெட்டியில் 168 கிரெய்ன் என்று போட்டிருந்தால், அது முனையில் இருக்கும் குண்டின் எடை. புதிதாக வருபவர்கள் அதை உள்ளே இருக்கும் வெடிமருந்தின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருந்தின் எடையும் கிரெய்னில்தான் சொல்லப்படுகிறது, ஆனால் அது நாற்பதுகளில் நிற்கும். மூன்றாவது, மருந்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அதே பெயர். புகையில்லா மருந்து மாவு போன்ற தூள் இல்லை. குட்டைக் குச்சியாகவோ, உருண்டையாகவோ, சிறு தகடாகவோ இருக்கும், அதன் வடிவமும் மேற்பூச்சும்தான் எரியும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இந்தத் துண்டுக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: குருணை. வயலில் குருணை மருந்து தூவியவருக்கு யாரும் விளக்க வேண்டாம். எடைக்குக் கிரெய்ன், துண்டுக்குக் குருணை என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மூன்றுக்கும் 'தானியம்' என்று எழுதுகிறவர் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காமலே எழுதுகிறார்.

தானியம் வெறும் அபத்தம், படித்ததுமே தெரிந்துவிடும். எனக்கு உண்மையில் பயம் தருவது தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் முன்வைக்கும் 'குன்றிமணி'. கேட்க நன்றாக இருக்கிறது, தட்டார் தராசின் ஞாபகம் வருகிறது, நம் மரபு அளவு என்ற பெருமையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அது கிரெய்ன் அல்ல. சித்த மருத்துவ அளவுப் பட்டியலில் உளுந்து எடை 65 மில்லிகிராம், குன்றி எடை 130, மஞ்சாடி எடை 260. ஆக, குன்றி என்பது இரண்டு கிரெய்ன். '45 குன்றி மருந்து' என்று எழுதினால் 90 கிரெய்ன் ஆகிறது.

"ரைஃபிள் கூட்டில் அவ்வளவு இடமே கிடையாதே, வழிந்துவிடுமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மெதுவாக எரியும் மருந்தை .308 கூட்டில் போடும்போது அது சரி. மருந்தே கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சமாகப் போடும் இடத்தில் அந்தக் காப்பு இல்லை. .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கு, 148 கிரெய்ன் இலக்குக் குண்டோடு புல்ஸ்ஐ என்ற வேக மருந்து 2.7 கிரெய்ன் என்பது அங்கே பழகிப்போன அளவு. அதை இரட்டித்தாலும் கூட்டுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும், மேலே குண்டை வைத்து அழுத்தியும் விடலாம். பெரிய ரைஃபிள் கூட்டில் வேக மருந்தைக் குறைத்துப் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். வெடித்துச் சிதறும் இரும்பு, பிடித்திருக்கும் கையையும் கண்ணையும்தான் முதலில் பதம் பார்க்கும். மரபுப் பெருமைக்காக இந்த விலையை யாரும் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் 'உளுந்து எடை'? நியாயமான போட்டி இதுதான். 45 உளுந்து எடைக்கும் 45 கிரெய்னுக்கும் வித்தியாசம் ஒரு கிரெய்னில் ஏழில் ஒரு பங்கு. ஆனாலும் வேண்டாம் என்பேன். ஹாட்ஜ்டன், லைமன் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் அளவுப் பட்டியலிலும் தராசின் முகப்பிலும் இருப்பது கிரெய்ன். மருந்தை நிறுக்கும் நேரத்தில் மனசுக்குள் இன்னொரு மொழிமாற்றம் ஓடக் கூடாது.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். கிரேன் என்று எழுதினால் பாரம் தூக்கும் எந்திரம். 'கி.' என்று சுருக்கினால் கிராம். ஒரு கிராம் 15.43 கிரெய்ன், பல மின்னணுத் தராசுகளில் ஒரே பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். சுருக்கவே வேண்டாம், முழுதாக எழுதுங்கள்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'சார்ஜ்' என்பதை மின்னூட்டம் என்றும் 'லோடு' என்பதைச் சுமை என்றும் எழுதுகிறார்கள். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது என்று சொல்லும் ஊர் நம்முடையது, அதனால் சார்ஜுக்கு மருந்தளவு என்ற சொல் இயல்பாகவே பொருந்தும். பட்டியலில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். உச்சம் மட்டும் கொடுத்திருந்தால் அதில் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். 46 கிரெய்ன் உச்சம் என்றால் 41.4. அங்கிருந்து அரை அரைக் கிரெய்னாக ஏற்றி, பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிறதா, போல்ட் (துப்பாக்கியின் பின்வாயை மூடும் தாழ்) இறுகுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அழுத்தம் மீறியதன் இந்த அடையாளம் தெரிந்த இடத்தில் உடனே நிறுத்த வேண்டும், உச்ச அளவு வரவில்லையே என்று பார்க்கக் கூடாது.

லோடு என்பது மருந்தளவு மட்டும் இல்லை. குண்டு, மருந்து, பிரைமர், கூடு, குண்டு உள்ளே இறங்கும் ஆழம் எல்லாம் சேர்ந்தது அது. தமிழில் சேர்மானம் என்றால் கச்சிதமாக உட்காரும். ராணுவக் கூட்டின் சுவர் தடிமனாக இருப்பதால் உள்ளே இடம் குறையும், அதே மருந்தளவுக்கு அழுத்தம் ஏறும். அந்த இடத்தில் 'சேர்மானம் மாறிவிட்டது' என்று எழுதியிருந்தால் வாசிப்பவர் தொடக்க அளவுக்கு இறங்குவார். 'சுமை மாறிவிட்டது' என்று எழுதியிருந்தால் தராசைப் பார்ப்பார், அதில் எண் மாறியே இருக்காது.