கெடோ: குறி வைக்காமல் வந்த மீனுக்கு என்ன பெயர்?

ஜப்பானில் பாறைக்கரையில் நின்று தூண்டில் போடுவதை இசோஸுரி என்பார்கள். இசோ என்றால் அலை வந்து அடிக்கும் பாறைக்கரை. விடியும் முன்பே சிறு படகில் ஏறி, கரையிலிருந்து தள்ளி நிற்கும் ஒரு பாறையில் இறங்கிக்கொண்டு, அடியில் ஆணி வைத்த காலணியும் மிதவைச் சட்டையுமாக மதியம் வரை அங்கேயே நிற்பார்கள். வாகயாமா, கோச்சி, நாகசாகி பக்கத்து கோட்டோ தீவுகள் எல்லாம் இதற்குப் பேர் போனவை. வாகயாமாவில் அப்படி ஒரு பாறையில் நின்றபோதுதான் இந்தச் சொல்லை முதலில் கேட்டேன். என் தூண்டில் வளைந்தது, நல்ல இழுப்பு, பக்கத்தில் நின்ற பெரியவர் வலைக்கரண்டியோடு ஓடி வந்தார், மீன் மேலே வந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆ, கெடோ" என்றார். அது மீனின் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்தது வேறொரு மீன், அதற்கும் கெடோ என்றார்.

சரி, பொருளை முதலில் பார்ப்போம். பாறைத் தூண்டில்காரர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எந்த மீனுக்குப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுவார். பெரும்பாலும் மெஜினா (ஒசாகா பக்கம் இதையே குரே என்பார்கள்), இல்லையென்றால் சினு எனப்படும் குரோதாய், இல்லையென்றால் இஷிதாய். இந்தக் குறி வைத்த மீனுக்கு ஹொன்மெய் என்று பெயர். அது தவிர தூண்டிலில் வருகிற எல்லாமே கெடோ. ஆக, கெடோ என்று ஒரு மீன் இனம் கிடையாது. ஒருவருடைய ஹொன்மெய் அடுத்தவருக்குக் கெடோவாக இருக்கும், அதே ஆளுக்கே போன வாரத்துக் கெடோ இந்த வாரம் ஹொன்மெய் ஆகிவிடும்.

கெடோ என்று தமிழில் எழுதினால் நம் காதில் 'கெடு' விழுகிறது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு எழுத்துச் சொல் இது: 'கெ' என்றால் வெளி, புறம், 'டோ' என்றால் வழி, நெறி. ஜூடோ, புஷிடோ என்று சொல்கிறோமே, அதே டோதான். வெளி என்ற எழுத்துக்கு ஜப்பானியத்தில் 'கை' என்ற ஒலிப்பும் உண்டு, இன்றைய சொற்களில் அதுதான் அதிகம் வரும். இங்கே 'கெ' என்று பழைய ஒலிப்பில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பௌத்த நூல்களோடு வந்த சொற்கள் பெரும்பாலும் அந்தப் பழைய ஒலிப்பையே வைத்துக்கொண்டன, கெடோவும் அப்படிப் பௌத்தத்தோடு வந்த சொல்தான்.

சீன மொழிபெயர்ப்பாளர்கள் வடமொழியின் தீர்த்திக என்ற சொல்லுக்கு ஈடாக 'வெளிநெறி' என்ற இந்த இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள். புத்தர் காலத்தில் வேறு நெறி சொன்ன ஆறு ஆசிரியர்களை ஜப்பானியர் இன்றும் 'ஆறு கெடோ' என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் ஆசீவகத்தின் மற்கலி கோசாலர். மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய்க் கேட்கிறாளே, அங்கே ஆசீவகன் பேசுவது இதே மற்கலியின் நூலைத்தான். வாகயாமாப் பாறையில் நின்ற பெரியவர் ஒரு மீனைப் பார்த்துச் சொன்ன சொல்லின் வேரைத் தேடிப் போனால் நம் காப்பியத்தின் வாசலுக்கு வந்து சேர்கிறோம், எனக்கு இதில் உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். தீர்த்திகரில் உள்ள தீர்த்தம் என்பது முதலில் ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம், அதாவது துறை. தீர்த்திகர் என்றால் ஒரு துறையைச் சேர்ந்தவர். அதில் வசை ஒன்றும் இல்லை, அவர் இறங்கும் துறை வேறு, நாம் இறங்கும் துறை வேறு, அவ்வளவுதான். பௌத்த நூல்களில் அது மாற்றுச் சமயத்தார் என்று ஆகி, ஜப்பானில் தவறான நெறிக்காரர் என்று ஆகி, பிறகு ஈரமில்லாத கொடியவனைத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. இன்றும் "கெடோ!" என்று ஒரு மனிதனைச் சொன்னால் அது கடுமையான வசை. மீன்பிடிப் பொருள் இந்தக் கிளையிலிருந்து வந்ததுதான்.

வசை ஒட்டிக்கொண்ட சொல் என்பதால் நடப்பிலும் அதன் விளைவு தெரிகிறது. தூண்டிலில் வந்த பேத்தையையும் வரிக்கெளுத்தியையும் கடலில் விடாமல் பாறை மேலேயே வீசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்த மீன்களைப் பார்த்தால் மனது பொறுக்காது. மிதித்தால் ஆபத்து வேறு, வரிக்கெளுத்தியின் முள்ளில் உள்ள நஞ்சு மீன் செத்த பிறகும் போவதில்லை.

அன்று என் தூண்டிலில் முதலில் வந்தது அய்கோ. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முயல் மாதிரி சின்ன வாய், தட்டையான உடம்பு, தோல் போன்ற மேனியில் வெளிறிய புள்ளிகள். நம் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஓரா என்கிறோமே, அதன் நெருங்கிய உறவு. யாழ்ப்பாணத்தில் ஓரா என்றால் ஆசையாக வாங்கிப் போவார்கள். ஜப்பானில் பல இடங்களில் அது வீசி எறியும் கெடோ. காரணம் இரண்டு. ஒன்று முள். முதுகில் 13, அடித்துடுப்பில் 7, வயிற்றுப் பக்கத்து இரண்டு துடுப்புகளிலும் 2, 2 என்று மொத்தம் 24 முட்கள், அத்தனையும் நஞ்சு. இன்னொன்று வாடை. கடற்பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நாறும், குடல் உடைந்தால் சதையிலும் அந்த வாடை ஏறிவிடும். வாகயாமா பக்கம் இதற்கு பாரி என்றே பெயர், சிறுநீரைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

ஆனால் அதே வாகயாமாவில்தான் இதைப் பிளந்து உலர்த்தி விரும்பித் தின்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தொகுஷிமாவில் 'அய்கோ தின்றால் தட்டை நக்குவாய்' என்ற பொருளில் ஒரு வழக்கே உண்டு. ஒகினாவாவில் இதன் குஞ்சுகளை உப்பில் ஊறவைத்து, டோஃபு துண்டின் மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்துப் பரிமாறுவார்கள், ஸுகுகராஸு என்று பெயர். இதைச் சாப்பிட வேண்டுமானால் செய்ய வேண்டியது இதுதான்: மீனைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடித்து, பாறையிலேயே கத்தரிக்கோலால் எல்லா முட்களையும் வெட்டிவிட வேண்டும், அப்புறம் அங்கேயே இரத்தம் வடித்து, குடலை உடையாமல் முழுசாக எடுத்துவிட்டு, பனிக்கட்டியில் போட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாடை ஏறிவிடும். முள் குத்திவிட்டால், கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமுக்கி வைத்தால் வலி இறங்கும், நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் வலுவிழக்கும். அதன் பிறகு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

போரா என்ற இன்னொரு கெடோ இருக்கிறது. அது வேறு யாரும் இல்லை, நம் மடவைதான், அதே இனம். மெஜினாவுக்கு நிற்பவர் அதை அலுப்போடு கழற்றி விடுவார், ஆனால் அதன் சினையை உப்பிட்டு உலர்த்திய கரசுமி ஜப்பானின் மூன்று பெரிய அரும்பண்டங்களில் ஒன்று, நாகசாகியில் அதற்குத் தனி மதிப்பு. உத்ஸுபோ என்பது அஞ்சாளை. பல் பயங்கரம், எலும்பு சிக்கலானது, ஆனாலும் கோச்சியில் தோலோடு தீயில் வாட்டி நறுக்கித் தின்கிறார்கள். இசுசுமி என்ற மீனை நாற்றத்துக்காகவே வெறுப்பார்கள், அதுவும் அய்கோவும் சேர்ந்து கடற்பாசிக் காடுகளைத் தின்று தீர்க்கின்றன என்பதால் சுஷிமாத் தீவில் இப்போது இசுசுமியைப் பிடித்து உணவாக்குகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்தக் கெடோவையும் தின்னலாம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். பாறைக்கரையில் அடிக்கடி வரும் குசஃபுகு ஒரு சின்னப் பேத்தை, பச்சை கலந்த முதுகில் வெள்ளைப் புள்ளி, தூண்டில் நரம்பையே கடித்து அறுக்கும். அதன் நஞ்சு வேக வைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. ஜப்பானில் தகுதி பெற்றவர்கள் மட்டுமே பேத்தையை உணவுக்காக அறுக்கலாம் என்று விதி இருக்கிறது, தானே பிடித்து வீட்டில் சமைத்தவர்கள்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள். அவோபுடாய் என்ற பெரிய நீலக் கிளிமீனும் அப்படித்தான், தின்றவருக்கு அரை நாள், ஒரு நாள் கழித்துத் தசைவலி வந்து சிறுநீர் கறுத்துப் போகும், உயிரும் போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள், அது என்ன மீன் என்று நூறு சதவீதம் தெரிந்த பிறகுதான் அடுப்பு.

இனி தமிழுக்கு வருவோம். கெடோவுக்கு என்ன சொல்லலாம்? உடன்பிடி என்பது வலைத் தொழிலுக்குச் சரி, அங்கே இறாலோடு சேர்ந்து ஒரே வலையில் எல்லாம் வருகிறது. தூண்டிலில் ஒரு நேரத்தில் ஒரு மீன், அது வேறு ஒன்றோடு 'உடன்' வரவில்லை. சங்காயம் என்று நம் இழுவைப் படகுக்காரர்கள் சொல்வது மீன்தூளுக்குப் போகும் பொடிமீன் குவியலை. ஒற்றையாய் வந்த அய்கோவை அப்படிச் சொல்ல முடியாது. கழிவுமீன் என்றால் மீனைக் குப்பை என்று முத்திரை குத்திவிடுகிறோம், கழிமீன் என்று சுருக்கினாலோ உப்பங்கழியில் வாழும் மீன் என்று படிக்க இடம் இருக்கிறது.

புறமீன் என்பதே என் தேர்வு. கெடோவின் முதல் எழுத்துக்கு நேரான சொல் புறம். சமயப் பேச்சில் புறச்சமயம், புறநெறி என்று நாம் ஏற்கனவே சொல்லி வந்ததுதான். ஒன்று எதற்குப் புறம் என்று கேட்டால் என் குறிக்குப் புறம் என்று பதில் வருகிறது, அதற்கு மேல் மீனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஜப்பானியச் சொல்லில் ஏறிவிட்ட வசை தமிழில் ஏறத் தேவையில்லை. ஹொன்மெய்க்கு குறிமீன் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும். ஜப்பானியர் 'உரெஷீ கெடோ' என்று ஒன்று சொல்வார்கள், எதிர்பாராமல் வந்து மகிழ வைத்த மீன், அதை நல்ல புறமீன் என்றால் போதும்.

அன்றைய கணக்கை இந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன்: குறிமீன் ஒன்றும் இல்லை, புறமீன் மூன்று. ஒரு குசஃபுகு, கடலுக்குப் போய்விட்டது. ஒரு சின்ன மடவை, அதுவும் போய்விட்டது. அந்த ஓராவை மட்டும் முள்ளை வெட்டிக் கொண்டுவந்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன்.