மல்லியை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்

தரம் பார்க்கும் மேசையில் அன்று இரண்டு தட்டு மல்லி, அதாவது கொத்தமல்லி விதை, இருந்தது. ஒன்று இளம்பச்சை நிறம், நல்ல பருமன், பார்க்கவே அழகு. இன்னொன்று பழுப்பு நிறம், மணி மிளகைவிடச் சிறியது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதுதான் சார் முதல் தரம்" என்று பச்சையைத் தொட்டார். சரி, இரண்டிலும் பத்துப் பத்து மணி எடுத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள் என்றேன். பச்சையை முகர்ந்தபோது அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பழுப்பை நசுக்கியதும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவ்வளவு மணம்.

மசாலாப் பொருள்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் மல்லி வாங்க வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்டது பெரும்பாலும் "கலர் எப்படி?" என்பதுதான். மணத்தைப் பற்றிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மல்லியில் நான் பார்க்கும் பாதிக் கோளாறுக்கு இந்த ஒரு கேள்விதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு மல்லி மணியை எடுத்து நகத்தால் நடுவில் அழுத்திப் பாருங்கள். சரிபாதியாகப் பிளக்கும். நாம் விதை என்று சொன்னாலும் அது உண்மையில் காய்ந்த கனி. ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை இருக்கிறது. பிளந்த உள்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் குழிவில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடுகள் தெரியும். அவைதான் எண்ணெய்க் குழாய்கள். காய்ந்த மல்லியின் மணம் குடியிருக்கும் இடம் அது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு, பொதுவாக 60 முதல் 80 விழுக்காடு வரை, லினலூல் என்ற ஒரே பொருள். வாசனைத் திரவியத் தொழிலும் மது வடிப்பவர்களும் மல்லி எண்ணெயைத் தேடி வருவது இதற்காகத்தான்.

இந்த எண்ணெய் எல்லா மல்லியிலும் ஒரே அளவு இருப்பதில்லை. 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை பருமனான பெரிய மணி வகையில் எண்ணெய் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தியாவில் விளையும் பல சரக்குகளில் 0.3 தாண்டினாலே எனக்கு மகிழ்ச்சி. ரஷ்யா, உக்ரைன் பக்கம் விளையும் சிறிய மணி வகையில் 0.8 முதல் 1.8 வரைகூட வரும். ஆக, கண்ணுக்கு அழகான பெரிய மணியில் எண்ணெய் குறைவு, கவனிக்காமல் தள்ளிவிடும் சின்ன மணியில் அதிகம். அதற்காகப் பெரிய மணி மட்டம் என்று சொல்லவில்லை. அரைத்துப் பொடியாக்கி, குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுக்க அதுதான் தோது. எண்ணெய் வடிக்கச் சின்னது. எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வணிகத்தில் மல்லியின் தரங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும்: பதாமி, ஈகிள், ஸ்கூட்டர், பேரட். பழுப்பில் தொடங்கிப் பச்சை கூடக் கூட விலையும் ஏறும். உலகில் மிக அதிகமாக மல்லி விளைவது இந்தியாவில். அதிலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய மூன்று மாநிலங்களில்தான் பெரும்பகுதி. கோட்டா மாவட்டத்து ராம்கஞ்ச் மண்டிக்கு வரும் மல்லி ஏலத்திலும் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை. விவசாயி முட்டாளா என்ன? பச்சைக்குக் காசு என்றால் பச்சையாகவே அறுத்துவிடுகிறார்.

அறுவடையில்தான் சிக்கலே. மல்லிச் செடியில் எல்லாக் குடைகளும், அதாவது குடை போல விரிந்த கொத்துகளும், ஒரே நாளில் முற்றாது. நடுத்தண்டின் உச்சியில் இருப்பது முதலில் முற்றும், கிளைகளில் இருப்பவை பின்னால் வரும். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முதலில் முற்றியவை உதிர்ந்துவிடும், நிறமும் போய்விடும். நிறத்துக்காக ஒரு வாரம் முந்தினால் கிளைகளில் உள்ளவை பிஞ்சாகவே வந்து சேரும். பிஞ்சு மல்லியின் மணம் வேறு; தழையில் வீசுமே, அந்த ஆல்டிஹைடு வாடை. மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தச் செடிக்கு மேலை நாட்டுப் பெயர் வந்தது என்பார்கள்; பிஞ்சு மல்லியை நசுக்கியவர்கள் மறுக்க மாட்டார்கள். மணி முற்றும்போது அந்த வாடை அடங்கி லினலூல் ஓங்குகிறது. முந்தி அறுத்தால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும். காய்ந்த பிறகு சுருங்கி, எடையிலும் விவசாயிக்குத்தான் இழப்பு.

நிறமும் வேண்டும், மணமும் வேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. நடுக்குடைகள் பச்சை மாறி மஞ்சளும் பழுப்புமாகத் திரும்பும்போது அறுக்கலாம். பனி ஈரம் காயாத காலை நேரத்தில் அறுத்தால் உதிர்வது குறையும். அப்புறம், அடிக்கும் வெயிலில் பரப்பாமல் தார்ப்பாய் மேல் நிழலில் உலர்த்தினால் பச்சை நிற்கும். இதற்கு இடமும் பொறுமையும் வேண்டும். அறுத்துப் போட்ட நேரத்தில் ஒரு மழை பெய்தால் எல்லாம் போச்சு, மணி கறுத்துவிடும்.

கறுத்த சரக்கையும் வெளிறிய சரக்கையும் அழகாக்கக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. மூடிய அறையில் கந்தகப் புகை போடுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சரக்கு என்னை நன்றாக ஏமாற்றியது. மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே பொன்மஞ்சள், ஒரு மணிகூடப் பிசகவில்லை. இவ்வளவு சீரான மல்லியா என்று வியந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை. சான்றில் கையெழுத்தும் போட்டேன். போன இடத்தில் சோதித்தபோது அந்தப் புகையின் சல்ஃபர் டை ஆக்சைடு தெரிந்து, சரக்கு அப்படியே திரும்பி வந்தது. இயற்கையாகக் காய்ந்த மல்லி ஒருபோதும் அப்படிச் சீராக இருக்காது. பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் கலந்துதான் கிடக்கும். இப்போதெல்லாம் மாதிரியை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்து முகர்வேன். எரிந்த தீக்குச்சி வாடை லேசாக வந்தாலே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

இதில் ஏமாற்றத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு, கந்தகப் புகை விட்டுப்போகும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உணவுச் சிட்டையில் சொல்லியே ஆக வேண்டும். மல்லி மூட்டையில் யார் சொல்கிறார்கள்?

பிளந்த மல்லிக்கு வருவோம். பல தர அளவுகளில் 5 விழுக்காடு வரை பிளவு இருக்கலாம் என்பார்கள். இது ஏமாற்று வேலை இல்லை. அடிக்கும்போதும் மூட்டையை எறியும்போதும் தானாகப் பிளப்பது. ஆனால் மேலே சொன்ன அந்த இரண்டு கோடுகளும் பிளந்த பக்கத்தில்தான் இருக்கின்றன. பிளந்ததும் எண்ணெய் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. வாங்கிய வாரமே அரைக்கப் போகிறீர்கள் என்றால் பிளவுச் சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்குங்கள், தவறில்லை. ஆறு மாதம் வைக்கப் போகிறவர் தொடவே வேண்டாம்.

ஈரத்துக்கு 9 விழுக்காடு என்பதுதான் நான் வைத்திருக்கும் கோடு. அதற்கு மேல் போனால் பூஞ்சணம். வெப்பமான ஊரிலிருந்து குளிர்ந்த கடல் வழியாகப் போகும் கொள்கலனில் கூரை வேர்த்துச் சொட்டும். கதவைத் திறந்தால் மேல் அடுக்கு மூட்டைகள் மட்டும் கறுத்திருக்கும். ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிட்டால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆய்வக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மல்லியை அடுப்பில் உலர்த்தி ஈரம் பார்க்காதீர்கள். நீரோடு எண்ணெயும் ஆவியாகி, ஈரம் கூடுதலாகக் காட்டும். எண்ணெய் அதிகமுள்ள சின்ன மணியில் நல்ல சரக்கே தோற்றுப்போகும். டொலுவீன் என்ற கரைப்பானுடன் வடித்து நீரை மட்டும் அளக்கும் ஐஎஸ்ஓ 939 முறை இருப்பது இதற்காகத்தான்.

நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 2007 முதல் 2009 வரையிலான நிதியாண்டுகளில் அமெரிக்காவுக்குள் வந்த மசாலாச் சரக்குகளை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் சோதித்தது. 6.6 விழுக்காட்டில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்தது. மற்ற இறக்குமதி உணவுகளைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்த பொருளில் கிருமி வளராதுதான், ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். களத்தில் பறவை எச்சமும் எலிப் புழுக்கையும் படாமல் பார்ப்பது முதல் வேலை. அதற்குப் பிறகு நீராவியில் சுத்தம் செய்யலாம். அங்கேயும் நிறம் குறுக்கே வருகிறது. நீராவி பட்டால் பச்சை மங்கும், எண்ணெயும் கொஞ்சம் போகும். நிறம் போகக் கூடாது என்பவர்கள் கிருமியைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயுவை நாடுகிறார்கள். ஐரோப்பாவில் மசாலாவில் அதன் எச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கை ஏற்க மாட்டார்கள். இதில் பேரம் பேச முடியாது.

பொடியாக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மல்லித்தூளைத் தண்ணீரில் தூவி, மிதந்தால் கலப்படம் என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. நல்ல மல்லியின் தோலும் லேசானதுதான், கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மல்லி தன் சேமிப்பைக் கொழுப்பாகத்தான் வைத்திருக்கும். மாவுமணிகள் கண்ணில் படாது. அவை கூட்டமாகத் தெரிந்தால் அரிசியோ கோதுமையோ கலந்திருக்கிறது. தோல் துண்டுகளில் இழைகள் அலை அலையாக ஓடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். அது மல்லியின் கைரேகை மாதிரி.

விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று வாங்குகிறவர்களும் விளைவிக்கிறவர்களும் கேட்கிறார்கள். இந்தியாவின் குளிர்காலப் பருவத்தில் அதே நிலத்தில் கோதுமை போடலாம், கொண்டைக்கடலை போடலாம், கடுகும் போடலாம். அந்த மூன்றுக்கும் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, மல்லிக்கு இல்லை. ஒரு வருடம் விலை விழுந்தால் விவசாயி மறு வருடம் கடலைக்குப் போய்விடுகிறார். பரப்பு சுருங்கி விலை ஏறுகிறது. ஏறியதைப் பார்த்து அடுத்த வருடம் எல்லோரும் மல்லி போடுகிறார்கள். கிடங்கில் பழைய சரக்கு வேறு இருக்கும். 2008 முதல் என்சிடிஇஎக்ஸ் என்ற விளைபொருள் சந்தையில் மல்லிக்கு முன்பேர வணிகமும், அதாவது பின்னால் வரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவதும், வந்தது. பூக்கும் நேரத்தில் மேகமூட்டம், அசுவினிப் பூச்சி என்ற செய்தி வந்தாலே அங்கே விலை அசையும். போன வருட விலையை மட்டும் பார்த்து விதைப்பவர்தான் பெரும்பாலும் அடிபடுகிறார். பரப்பு எவ்வளவு, பழைய இருப்பு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு விதைக்கலாம்.

மொத்தமாக வாங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒப்பந்தத்தில் நிறத்துக்கு ஒரு வரி எழுதும்போது எண்ணெய்க்கும் ஒரு வரி எழுதுங்கள். அறுவடை ஆண்டையும் கேளுங்கள். சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எண்ணெய் எத்தனை விழுக்காடு என்று முதல் முறை கேட்டபோது சப்ளையர் சிரித்தாராம். இரண்டாவது முறை, பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். மூன்றாவது சரக்கோடு ஆய்வகத் தாள் தானாகவே வந்துவிட்டது.