6 ஜிபி நகல் கண்ணிமைப்பதற்குள் முடிவது எப்படி?

நெடுநாள் புதுப்பிக்காமல் வைத்திருந்த மேக்புக்கில் அண்மையில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் ஹை சியரா என்னும் இயங்குதளத்தை நிறுவிய வாசகர் ஒருவர், அதன் புதிய வசதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவரும்போது கண்ட ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 6 ஜிபி அளவுள்ள திருமண வீடியோவை அதே கோப்புறையில் நகலெடுத்திருக்கிறார். முன்பெல்லாம் நிதானமாக நகர்ந்து செல்லும் பட்டை கண்ணில் படுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அது உண்மையான நகலா, பழைய கோப்பைச் சுட்டும் வெறும் குறிதானா என்பது அவருடைய ஐயம்.

2017 செப்டம்பரில் வெளியான ஹை சியரா, 1998 முதல் மேக் கணினிகளில் இருந்துவந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டை) எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்புகளில் சேமிக்கும் வட்டு) உள்ள கணினிகளில் ஏபிஎஃப்எஸ் என்னும் புதிய முறைமையை வைத்தது. வாசகர் கண்ட வேகத்துக்குக் காரணம் இந்த மாற்றமே.

எஸ்எஸ்டியின் இடம் 4096 பைட் கொண்ட பிளாக்குகளாகப் பிரித்துக் கையாளப்படுகிறது. 6 ஜிபி வீடியோ ஏறத்தாழ 15 லட்சம் பிளாக்குகளில் கிடக்கும். எந்தக் கோப்புக்கு எந்தெந்த பிளாக்குகள் உரியவை என்பதைத் தனிப் பதிவேடு ஒன்று குறித்து வைத்திருக்கும். பழைய முறைமையில் நகலெடுப்பதென்றால் அத்தனை பிளாக்குகளையும் படித்து வேறிடத்தில் மறுபடி எழுதியாக வேண்டும். ஏபிஎஃப்எஸ்ஸோ பிளாக்குகளைத் தொடுவதே இல்லை. பதிவேட்டில் புதிய கோப்புக்கு ஒரு பதிவைச் சேர்த்து, அதே பிளாக்குகளை இதற்கும் உரியவை என்று எழுதிக்கொள்கிறது. கூட்டுப் பட்டாவைப் போல நிலம் ஒன்றாகவும் பெயர்கள் இரண்டாகவும் ஆகின்றன.

அப்படியானால் நகலைத் திருத்தும்போது மூலமும் மாறிவிடாதா? இந்த இடத்தில்தான் கூட்டுப் பட்டா உவமை பின்தங்கிவிடுகிறது. என்னை இன்றும் வியக்க வைக்கும் நுட்பமும் இதுதான். நகலின் நடுவில் ஓர் எழுத்தை மாற்றினால், அந்த எழுத்து இருக்கும் பிளாக் வேறொரு கோப்புக்கும் உரியது என்பதைக் கோப்பு முறைமை பார்க்கிறது. பழைய பிளாக்கை அப்படியே விட்டுவிட்டு, மாறிய உள்ளடக்கத்தைக் காலியான புதிய பிளாக்கில் எழுதி, நகலின் பதிவில் அந்த ஓரிடத்தை மட்டும் புதிய முகவரிக்குத் திருப்புகிறது. மற்ற பிளாக்குகள் முன்போலவே பொதுவில் இருக்கின்றன. எழுத வேண்டிய கணம் வரும்வரை நகலெடுப்பதைத் தள்ளிப்போடும் இம்முறைக்குக் ‘காப்பி ஆன் ரைட்’ என்று பெயர்.

இதை என் கணினியிலும் செய்து பார்த்தேன். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுப்பதற்கு முன்னும் பின்னும் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் வட்டின் மீதியிடத்தைப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் செயலியோ இரண்டு கோப்புகளுக்கும் முழு அளவையே காட்டியது. ஆனால் திருத்தியதைச் சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிவிடும் மென்பொருள்கள் பல உண்டு; அவற்றில் சேமித்தால் இந்த இடச் சேமிப்பு கைநழுவிவிடும். பென்டிரைவுக்கு அனுப்பும்போதும் ஒவ்வொரு பிளாக்கும் உண்மையாகவே பயணம் செய்தாக வேண்டும் என்பதால் காத்திருப்பு குறையாது.

இந்தக் கருத்து ஆப்பிள் நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்எஃப்எஸ்ஸும், 2020-இல் ஃபெடோரா 33 என்னும் லினக்ஸ் இயங்குதளம் தன் டெஸ்க்டாப் பதிப்புகளில் இயல்பிருப்பாக ஏற்ற பிடிஆர்எஃப்எஸ்ஸும் இதே அடித்தளத்தில் நிற்கும் கோப்பு முறைமைகள். அவற்றின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. நம் பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளப் பாடத்தை வரையறைகளாக மனப்பாடம் செய்ய வைப்பதை விடுத்து, இந்த நிரலை மாணவர்கள் முன் விரித்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே வட்டில் இரண்டு நகல் இருந்தால் கோப்பு பத்திரம் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. பொதுவான பிளாக் ஒன்று பழுதானால் இரண்டு கோப்புகளும் அதே இடத்தில் கெடும். ஆகவே வாசகர் அந்தத் திருமண வீடியோவை வேறொரு வட்டிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நகலை அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்று அவர் கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தார். அந்த பிளாக்குகள் இன்னும் மூலக் கோப்புக்கு உரியவையாக இருக்கின்றன. கடைசி உரிமைக்காரரும் பதிவேட்டிலிருந்து நீங்கினால்தான் ஒரு பிளாக் காலியாகும்.